ஜிரோனாவுக்கும் கடலுக்கும் நடுவே: கவாரஸ் மலையின் மண்பாதைகளில் கிராவல் சைக்கிள் ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பெயினின் வடகிழக்கில், கட்டலோனியாவின் ஜிரோனா நகரத்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே கவாரஸ் என்னும் தாழ்ந்த மலைத்தொகுதி உள்ளது. அதன் மிக உயரமான புய்க் தார்கஸ் சிகரமே சுமார் 530 மீட்டர்தான். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து உலகின் தொழில்முறை சைக்கிள் வீரர்கள் பலர் ஜிரோனாவில் வீடெடுத்துத் தங்கிப் பயிற்சி செய்துவருவதால் நகரத்தைச் சுற்றியுள்ள தார்ச்சாலை ஏற்றங்கள் பெயர்பெற்றுவிட்டன. விடுமுறை நாள்களில் அங்கே கூட்டமும் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதே சாலைகளிலிருந்து சில நூறு மீட்டர் விலகி மண்பாதையில் இறங்கினால், ஒரு மணி நேரத்துக்கு மனிதக் குரலே கேட்காத காடு தொடங்கிவிடும். அந்தக் காட்டுக்குள் ஓட்டுவதைப் பற்றியதே இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கவாரஸின் அமைதி, யாரும் தொடாமல் கைவிட்ட நிலத்தின் அமைதி அன்று. இதன் பெரும்பகுதி தனியார் நிலம்; கார்க் ஓக் மரங்களிலிருந்து தக்கை உரிக்கவும் விறகு எடுக்கவும் தீயைத் தடுக்கவும் வெட்டி, தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கப்பட்ட பாதைகளிலேயே நாம் ஓட்டுகிறோம். பருவம், நேரம், டயரின் காற்றழுத்தம், வேலியில் காட்டும் மரியாதை என்று கீழே வரும் எல்லா அறிவுரைகளும், பிறர் பராமரிக்கும் ஓர் இடத்துக்குள் விருந்தினராக நுழைகிறோம் என்ற எண்ணத்திலிருந்தே பிறப்பவை.

மண்ணை அறிந்துகொள்ளுங்கள்

கிராவல் சைக்கிள் என்பது சாலை சைக்கிளின் வளைந்த கைப்பிடியும், அகலமான டயருக்கு இடம் தரும் சட்டகமும், டிஸ்க் பிரேக்கும், மலை ஏறுவதற்கான இலகுவான கியரும் சேர்ந்த வண்டி. எல்லா வகை மண்ணிலும் ஓடும் என்று அதை விற்பார்கள். உண்மையில் ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும் என்பதால், வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது.

மலையின் தெற்குப் பகுதியும், அதற்குத் தெற்கே கடலை ஒட்டி எழும் அர்தேன்யா மலையும் கருங்கல் வகைப் பாறையால் ஆனவை. அந்தப் பாறை காலப்போக்கில் சிதைந்து, அரிசி மணி அளவுள்ள மஞ்சள் நிறப் பருமணலாகிறது. ஊர்மக்கள் இதை ‘சௌலோ’ என்பார்கள். கெட்டியான தளத்தின் மேல் உதிரியாகக் கிடக்கும் இந்த மணல், காய்ந்த நாளில் டயருக்கு அடியில் உருளும் குண்டுமணிகளைப் போல நகரும். மழை பெய்த மறுநாளோ அதே மணல் இறுகி, டயரைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வேகமாக வடிந்துவிடுவதால் சேறும் ஆகாது. ஆகவே, மழைக்கு மறுநாள் சௌலோ பாதைகளில் ஓட்டுவதைப் போன்ற இன்பம் வேறில்லை என்று துணிந்து சொல்வேன்.

வடக்குப் பகுதியில் பலகைபலகையாகப் பிளக்கும் பழைய பாறை. அங்கே பாதையில் கூரிய விளிம்புள்ள கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். டயரின் பக்கச்சுவரை அறுப்பவை அவையே. மலையடிவாரத்திலும் எம்போர்தா சமவெளியிலும் களிமண் உண்டு. காய்ந்திருந்தால் சிமென்ட் தளத்தைப் போல ஓடும் அது, நனைந்தால் சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டு வண்டியையே நிறுத்திவிடும். மழைக்குப் பிந்தைய நாளில் சமவெளியைத் தவிர்த்துத் தெற்கு மலைக்குச் செல்வது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

பருவத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் பின்பகுதியிலிருந்து நவம்பர் வரையும் ஏற்ற காலங்கள். குளிர்காலமும் மோசமில்லை, பகலில் பெரும்பாலும் 10 முதல் 14 டிகிரி வரை இருக்கும், பனிப்பொழிவு அரிது. ஆனால் டிசம்பரில் காலை 8 மணிக்குப் பிறகே சூரியன் எழுந்து மாலை ஐந்தேகால் மணியளவில் மறைந்துவிடும். மலையின் வடக்குச் சரிவில் நிழல் அதற்கும் முன்பே இறங்கிவிடும் என்பதால், டிசம்பரில் 3 மணிக்குள் காட்டை விட்டு வெளியேறும்படி திட்டமிடுங்கள்.

அக்டோபரில் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று சில நாள்களில் பெருமழையைக் கொண்டுவரும். 2020 ஜனவரியில் குளோரியா என்ற புயல் வந்தபோது ஜிரோனாவின் ஆறுகள் கரைபுரண்டு ஓடின. வழக்கமாகக் காய்ந்து கிடக்கும் ஓடைகள் அத்தகைய நாள்களில் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஓடையின் குறுக்கே சிமென்ட் தளம் போட்டு அமைத்த தாழ்ந்த கடவுகள் இந்தப் பாதைகளில் பல இருக்கின்றன. தண்ணீர் அதன் மேல் ஓடினால், ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் கடக்க முயலாமல் திரும்பிவிடுங்கள்.

காற்றுகளில் இரண்டை அறிய வேண்டும். வடக்கிலிருந்து, பைரனீஸ் மலைகளைத் தாண்டி வீசும் ‘திராமுந்தானா’ உலர்ந்தது, கடுமையானது. அது சமவெளியில் சைக்கிளையே பக்கவாட்டில் தள்ளும். காட்டுக்குள் அவ்வளவாகத் தெரியாது. ‘கர்பீ’ என்ற தென்மேற்குக் காற்று கோடைப் பிற்பகல்களில் கடலிலிருந்து எழும். திராமுந்தானா வீசும் நாளில் சமவெளிக் கிராமங்களைச் சுற்றும் திட்டத்தை விட்டுவிட்டு மரங்களுக்குள் ஓட்டுவதே அறிவு.

கோடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் 30 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் தீ. கட்டலோனிய அரசு ‘ஆல்ஃபா திட்டம்’ என்ற பெயரில் காட்டுத்தீ அபாயத்தை நாள்தோறும் 0 முதல் 4 வரை நிலைகளாகப் பிரித்து, ஊர்வாரியாக வரைபடத்தில் வெளியிடுகிறது. உச்ச நிலையில் பல மலைப்பகுதிகளுக்குள் நுழைவதே தடுக்கப்படும். மார்ச் 15 முதல் அக்டோபர் 15 வரை காட்டிலும் காட்டைச் சுற்றிய 500 மீட்டர் வரையிலும் தீ மூட்டத் தடை உண்டு. கோடையில் ஓட்டியே ஆக வேண்டுமானால், முந்தைய மாலை அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சூரியன் எழும் ஆறேகால் மணிக்கே கிளம்பி, 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். அபாயம் உயர்ந்த நாளில் பாதை மூடப்படாவிட்டாலும் உள்ளே போகாதீர்கள். குறுகலான ஒற்றைப் பாதையில் தீயணைப்பு வண்டிக்கு எதிரே சைக்கிளோடு நிற்பதைப் போன்ற தவறு வேறில்லை.

வாரத்தின் நாளும் முக்கியம். ஞாயிறு காலையில் பழைய ரயில் பாதைகளில் குடும்பங்கள் நிறைந்திருக்கும். செவ்வாய், புதன் கிழமைகளில் அதே பாதை வெறிச்சோடிக் கிடக்கும். திங்கட்கிழமை கிராமத்து உணவகங்கள் பல மூடியிருக்கும் என்பதால் அன்று கூடுதல் உணவைச் சுமக்க வேண்டும். அமைதியைத் தேடி வருபவர்களுக்குச் செவ்வாய் முதல் வியாழன் வரையே பொருத்தமான நாள்கள்.

சைக்கிளையும் டயரையும் ஆயத்தப்படுத்துங்கள்

ஜிரோனாவில் நல்ல கிராவல் சைக்கிள்களை வாடகைக்குத் தரும் கடைகள் பல உள்ளன. எனவே குறுகிய பயணத்துக்கு உங்கள் வண்டியை விமானத்தில் கொண்டுவருவது தேவையற்ற சுமை. வாடகைக்கு எடுக்கும்போது தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கை. நம் ஊரில் முன்சக்கர பிரேக் வலக்கையில் இருக்கும். ஐரோப்பியக் கண்டத்தில் பெரும்பாலும் அது இடக்கையில் இருக்கும். மணல் இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பிடிப்பதாக நினைத்து முன்சக்கரத்தைப் பிடித்தால் வண்டி உடனே சரியும். கடைக்காரரிடம் கேட்டால் மாற்றித் தரவும் கூடும். மாற்ற முடியாவிட்டால் முதல் நாள் சமதளத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி, கைக்குப் பழக்கிய பிறகே மலைக்குச் செல்லுங்கள். இங்கே சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பதும், வட்டச் சந்திப்புகளில் இடப்புறமிருந்து வண்டிகள் வரும் என்பதும் அதே ஒரு மணி நேரத்தில் மனத்தில் பதிய வேண்டியவை.

டயரின் அகலம் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 45 என்றால் இன்னும் நல்லது. உள்ளே டியூப் இல்லாமல் சீலண்ட் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் அமைப்பையே கேளுங்கள். முட்களும் சிறு கற்களும் போடும் துளைகளைச் சீலண்ட் தானே அடைத்துவிடும். டயரைக் குலுக்கினால் உள்ளே திரவம் அசையும் ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது உலர்ந்துவிட்டது என்று பொருள். வெப்பமான பருவத்தில் இரண்டு மூன்று மாதங்களிலேயே அது உலர்ந்துபோகும்.

காற்றழுத்தத்தில்தான் புதியவர்கள் மிகுதியாகத் தவறு செய்கிறார்கள். முதல் பயணத்தில் நானும் செய்தேன். சாலை சைக்கிளின் பழக்கத்தில் டயரைக் கல்லாக இறுக்கிக்கொண்டு சௌலோ இறக்கத்தில் போனபோது, மூன்றாவது வளைவில் முன்சக்கரம் நழுவி முழங்கை கிழிந்தது. சுமார் 70 கிலோ எடையுள்ளவர், 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில், முன்புறம் 28 பி.எஸ்.ஐ., பின்புறம் 31 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். எடை 10 கிலோ கூடினால் இரண்டு மூன்று அளவு கூட்டுங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்தும்போது அது சற்றே உள்வாங்க வேண்டும். கூர்ங்கற்கள் மிகுந்த வடக்குப் பகுதியில் ரிம் கல்லில் மோதும் சத்தம் கேட்டால் இரண்டு அளவு ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு சிறு அழுத்தமானியைக் கூடவே எடுத்துச் செல்வது, பையில் இருக்கும் எந்தக் கருவியையும்விடப் பயன் தரும்.

கியரைப் பொறுத்தவரை, முன்பல்சக்கரத்தின் பற்களும் பின்பல்சக்கரத்தின் மிகப் பெரிய வட்டின் பற்களும் சமமாகவோ, பின்புறம் கூடுதலாகவோ இருக்க வேண்டும். முன்னே 40, பின்னே 42 அல்லது 44 பற்கள். அல்லது முன்னே 30, பின்னே 34 பற்கள். இவ்வட்டார ஏற்றங்கள் நீளமானவை அல்ல. ஆனால் காட்டுப் பாதையில் திடீரென்று 15 சதவீதச் சாய்வு வரும். மணலில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழன்று வீணாகும் என்பதால், உட்கார்ந்தபடியே மெல்லச் சுழற்றி ஏறக்கூடிய கியர் இன்றியமையாதது.

பையில் இருக்க வேண்டியவை: ஓர் உதிரி டியூப், டியூப்லெஸ் துளையை அடைக்கும் ரப்பர்த் திரி, கைப்பம்ப், பல வேலைகளுக்கான மடக்குக் கருவி, செயினின் இணைப்புக் கண்ணி, டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டு பழைய டயர், மெல்லிய காற்றுத்தடுப்பு அங்கி, முன்விளக்கு, பின்விளக்கு. காலணியின் அடிப்பகுதி நடப்பதற்கு ஏற்றதாக இருக்கட்டும். சில ஏற்றங்களில் தள்ளிக்கொண்டு நடக்க நேரும், அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வழியைத் திட்டமிடுங்கள்

பயணத் தடங்களைப் பகிரும் விக்கிலாக் செயலி 2006-இல் ஜிரோனாவில்தான் தொடங்கப்பட்டது. அதனால் இவ்வட்டாரத்தின் தடங்கள் அதில் ஏராளம். ஆனால் தடம் இருப்பதாலேயே அந்தப் பாதையில் போகலாம் என்று கொள்ளக் கூடாது. அது யாரோ ஒருவர் வேலி தாண்டிப் போன தடமாகவும் இருக்கலாம். கட்டலோனிய நிலவரைபட நிறுவனத்தின் வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் எடுத்த தடத்தை அதன் மேல் வைத்து, அகலமான காட்டுப் பாதையா, ஒற்றையடிப் பாதையா என்று பாருங்கள். உயரக்கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் தடம் அவற்றை நேர்க்குத்தாக வெட்டினால், அங்கே தள்ளிக்கொண்டுதான் நடப்பீர்கள். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். மலையின் மடிப்புகளுக்குள் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு.

பாதைப் பெயர்களில் சில கட்டலான் சொற்களைத் தெரிந்துகொண்டால் வழி எளிதாகும். ‘பிஸ்தா’ என்பது வண்டி போகும் அகலமான காட்டுப் பாதை. ‘கொர்ரியோல்’ என்பது ஒற்றையடிப் பாதை. ‘திரியாலேரா’ என்றால் கற்படிகளும் பள்ளங்களும் நிறைந்த செங்குத்தான தடம், கிராவல் சைக்கிளுக்கு உகந்தது அன்று. ‘கோல்’ கணவாய், ‘ஃபோன்ட்’ நீரூற்று, ‘மாஸ்’ அல்லது ‘கான்’ என்று தொடங்கும் பெயர்கள் பண்ணை வீடுகள்.

தொலைவைக் கணக்கிடும்போது தார்ச்சாலையின் வேகத்தை மறந்துவிடுங்கள். இந்த மலைகளில் மணிக்கு 13 முதல் 16 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் ஏமாற்றம் இராது.

முதல் நாள்: பழைய ரயில் பாதை

ஜிரோனாவிலிருந்து கடலோர ஊரான சான் ஃபெலியு தே கிஷோல்ஸுக்கு 1892-இல் ஒரு குறுகிய ரயில் பாதை போடப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே 75 சென்டிமீட்டர் மட்டுமே இடைவெளி. உள்நாட்டுக் காடுகளின் தக்கையைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. 1969-இல் அந்த ரயில் நின்றுபோனது. தண்டவாளம் இருந்த தடம் பின்னாளில் சைக்கிள் பாதையாக்கப்பட்டது. ‘சிறிய ரயில்’ என்ற பொருளில் ‘கார்ரிலேட்’ என்றே அதை இன்றும் அழைக்கிறார்கள்.

நீளம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ரயில் ஏறும் சாய்வு என்பதால் கால்களுக்கு வருத்தமில்லை. மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற குவார்ட், பின்னர் காசா தே லா செல்வா, யாகோஸ்தேரா ஆகிய ஊர்களைத் தாண்டி, மலைகளுக்கு இடையிலான ஆரோ பள்ளத்தாக்கு வழியாகக் கடலை அடையும். பழைய நிலையக் கட்டடங்கள் வழியெங்கும் நிற்கின்றன. பிரேக்கையும் காற்றழுத்தத்தையும் வண்டியின் சமநிலையையும் சோதித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நடப்பவர்களைத் தாண்டும்போது தொலைவிலேயே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு வணக்கச் சொல்லோடு கடந்து செல்லுங்கள்; ‘போன் டியா’ என்றால் போதும்.

நேரமும் தெம்பும் இருந்தால் திரும்பும் வழியில் ஆரோ பள்ளத்தாக்கிலிருந்து ரொமான்யா தே லா செல்வா கிராமத்துக்கு ஏறலாம். அங்கே கார்க் ஓக் காட்டுக்குள், ‘கோவா தென் தாய்னா’ என்ற கருங்கல் கல்லறை நிற்கிறது; சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெரும்பலகைக் கற்களை நிறுத்திக் கட்டியது. அந்தக் கற்களின் அருகே சைக்கிளைச் சாய்க்காமல் சற்றுத் தள்ளி மரத்தில் சாய்த்து வையுங்கள்.

இரண்டாம் நாள்: கவாரஸைச் சுற்றி

ஜிரோனாவில் தொடங்கி ஜிரோனாவிலேயே முடியும், சுமார் 60 கிலோமீட்டர் சுற்று இது. ஒரே நாள்தான் கைவசம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

நகரின் கிழக்கே, சான் தானியேல் பள்ளத்தாக்கு வழியாக வெளியேறுங்கள். ஊர் முடிந்த சில நிமிடங்களில் ஏற்றம் தொடங்கிவிடும். எல்ஸ் ஆஞ்ஜல்ஸ் என்ற மலைக்கோயிலுக்குப் போகும் தார்ச்சாலையும், அதற்கு இணையாகக் காட்டுக்குள் ஏறும் பிஸ்தாக்களும் உண்டு. மேலே செல்லச் செல்லத் தார்ச்சாலையில் பிற சைக்கிள்காரர்கள் இருப்பார்கள்; பிஸ்தாவில் பெரும்பாலும் நீங்கள் மட்டுமே. கோயில் சுமார் 480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓவியர் சல்வதோர் தலீயும் அவருடைய துணைவி காலாவும் 1958-இல் தேவாலய முறைப்படி மணம் செய்துகொண்டது இங்கேதான். வானம் தெளிந்த நாளில் வடக்கே பைரனீஸ் சிகரங்களையும் கிழக்கே கடலையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம்.

பின்பு மாத்ரமான்யாவுக்கு இறங்கி, மொனேய்ஸ், குரூய்யஸ் ஆகிய கல்வீட்டுக் கிராமங்களை மண்சாலைகளால் இணைத்துச் செல்லுங்கள். மொனேய்ஸின் வளைவு மண்டபங்கள் சூழ்ந்த சதுக்கத்தில் மதியம் 1 மணியை ஒட்டி வந்து சேர்ந்தால் உணவுக்கு இடம் கிடைக்கும். இதுவரை வந்தது எளிய பாதி. அங்கிருந்து மலையை மீண்டும் ஏறி சாந்தா பெய்யாயா என்ற சிற்றூரைக் கடந்து, மறுபுறம் காசா தே லா செல்வாவுக்கு இறங்க வேண்டும். இந்த ஏற்றத்திலும் தார்ச்சாலை ஒன்று இருக்கிறது; களைத்துப்போனவர்கள் தயங்காமல் அதைப் பிடித்துக்கொள்ளலாம். தெம்புள்ளவர்களுக்கு அதன் இருபுறமும் காட்டுப் பாதைகள் கிளைக்கின்றன.

இந்தப் பகுதியில்தான் கார்க் ஓக் மரங்களை நிதானமாகப் பார்க்க முடியும். கோடையில் தொழிலாளர்கள் கோடரியால் பட்டையைக் கீறி, மரத்துக்குக் காயம்படாமல் பெரும்பலகைகளாக உரித்தெடுக்கிறார்கள். உரித்த அடிமரம் முதலில் செங்காவி நிறத்தில் ஒளிர்ந்து, ஆண்டுகள் போகப்போகக் கருத்துவிடும். மறுபடி உரிக்க 12 முதல் 14 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மரத்தைக் கொல்லாமல் அதன் பட்டையால் வாழும் இந்தத் தொழில்தான் கவாரஸைக் காடாகவே வைத்திருக்கிறது. இதன் வரலாற்றை அறிய விரும்புபவர்கள் பாலாஃப்ருஜேல் ஊரில் உள்ள தக்கை அருங்காட்சியகத்துக்கு ஒரு பிற்பகலை ஒதுக்கலாம். உரிக்கும் வேலை நடக்கும் இடத்தில் பாதையோரம் தக்கைப் பலகைகள் அடுக்கியிருக்கும்; டிராக்டருக்கு வழிவிட்டு, இறங்கி நடந்து கடந்து செல்லுங்கள்.

காசா தே லா செல்வாவிலிருந்து முதல் நாள் பழகிய ரயில் பாதையில் 15 கிலோமீட்டர் போனால் ஜிரோனா.

மூன்றாம் நாள்: அர்தேன்யா, அல்லது ஓலோட்

மூன்றாம் நாளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. மணல் இறக்கத்தில் நம்பிக்கை வந்துவிட்டவர்கள் யாகோஸ்தேராவிலிருந்து அர்தேன்யா மலைக்குள் ஏறி, சான் கிராவ் என்ற பழைய கோயிலைக் கடந்து, தோஸ்ஸா தே மார் கடற்கரைக்கு இறங்கலாம். மூன்று நாளில் இதுவே கடினமானது. சௌலோ மிகுதி, சாய்வும் மிகுதி. தோஸ்ஸாவுக்கும் சான் ஃபெலியுவுக்கும் இடையே பாறைச்சரிவில் வளைந்து வளைந்து செல்லும் கடலோரச் சாலை அழகானது என்றாலும், கோடையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கும். ஆகவே, திரும்புவதற்கும் மலைப்பாதையையே நான் விரும்புவேன்.

உடல் ஓய்வு கேட்டால் ஓலோட் ஊருக்குச் செல்லுங்கள். அணைந்த எரிமலைகளின் நடுவே உள்ள அந்த ஊருக்கு ரயில் இல்லை. பேருந்தில் சைக்கிளை ஏற்ற இடமுண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஜிரோனா வரை இன்னொரு பழைய ரயில் தடம் சுமார் 55 கிலோமீட்டர் நீளத்துக்கு, பாஸ் பள்ளத்தாக்கின் 620 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டிய பின் பெரும்பாலும் இறக்கமாகவே வருகிறது.

மணல் இறக்கத்தில் ஓட்டும் முறை

கைகளை வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியில் வைத்து, பிரேக் நெம்புகோலில் ஒரு விரலோ இரண்டு விரல்களோ மட்டும் போடுங்கள். இடுப்பை இருக்கையிலிருந்து சற்றே தூக்கிப் பின்னுக்குத் தள்ளி, முழங்கைகளையும் முழங்கால்களையும் தளரவிட்டால் வண்டி அடியில் தன் போக்கில் ஆடும், நீங்கள் ஆடமாட்டீர்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே, சக்கரங்கள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக் பிடிப்பதே பெரும்பாலான சறுக்கல்களுக்குக் காரணம். வெளிப்புறக் காலின் பெடலைக் கீழே இறக்கி, அதன் மேல் எடையை அழுத்துங்கள். முன்சக்கரத்துக்கு அடியில் இருக்கும் கல்லைப் பார்க்காமல், பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால், நீங்கள் போக விரும்பும் கோட்டைப் பாருங்கள்.

பிஸ்தாக்களில் மழைநீரைப் பக்கவாட்டில் வடிப்பதற்காகக் குறுக்கே மேடும் பள்ளமுமாக வெட்டியிருப்பார்கள். வேகமாக வந்தால் அந்த மேடு வண்டியைத் தூக்கி எறியும். டிராக்டர் சக்கரங்கள் பதிந்த இரு தடங்களுக்கு நடுவே உதிரி மணல் குவிந்திருக்கும். இரண்டில் ஒரு தடத்தைத் தேர்ந்து அதிலேயே செல்லுங்கள். மணல் ஆழமாக இருந்து முன்சக்கரம் அலையத் தொடங்கினால், கைப்பிடியை இறுக்காமல் மெல்ல மிதித்துக்கொண்டே இருங்கள். எல்லா வளைவுக்கு அப்பாலும் ஒருவர் நடந்து வருகிறார் என்று எண்ணிக்கொண்டே ஓட்டுங்கள்.

காட்டின் மக்களோடும் உயிர்களோடும்

செப்டம்பர் முதல் குளிர்காலத்தின் இறுதி வரை, குறிப்பாக வார இறுதிகளில், காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். அன்று பாதையின் தொடக்கத்தில் ‘பாத்துதா’ என்ற அறிவிப்புப் பலகையை வைப்பார்கள். அதைக் கண்டால் வேறு வழியில் திரும்புங்கள். உள்ளே துப்பாக்கியோடு பலர் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் ஒளிரும் நிற உடை அணிவது நல்லது. மூடிய வாயிலை மூடியே விடுங்கள், திறந்ததைத் திறந்தே விடுங்கள். பாதையின் குறுக்கே சங்கிலி தொங்கக்கூடும் என்பதால், நிழலும் வெயிலும் மாறிமாறி வரும் இடங்களில் மெதுவாகச் செல்லுங்கள்.

பண்ணை வீட்டு நாய் ஓடி வந்தால், வேகத்தைக் கூட்டாமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு அமைதியாக நடந்தால் அது பெரும்பாலும் எல்லையோடு நின்றுவிடும். குளிர்காலத்தின் இறுதியிலும் வசந்தத் தொடக்கத்திலும் பைன் மரங்களிலிருந்து கம்பளிப்பூச்சிகள் வரிசையாக இறங்கித் தரையில் ஊர்ந்து போகும். அவற்றின் ரோமம் தோலிலும் கண்ணிலும் கடும் அரிப்பை உண்டாக்கும். தொடாதீர்கள், அந்த மரங்களின் அடியில் உட்காராதீர்கள். புல் உயர்ந்த பாதையில் ஓட்டிய நாளில் மாலை குளிக்கும்போது கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஊர்களுக்கு வெளியே தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். சில விலக்குகள் இருந்தாலும் எப்போதும் அணியுங்கள். விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112. அழைக்கும்போது ஊர்ப்பெயர் மட்டும் போதாது. கைப்பேசியிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்துச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் உணவும்

குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர்; வெயில் நாளில் இரண்டரை. ஊற்றுகளை நம்பிக் கிளம்பாதீர்கள். பல ஊற்றுகள் கோடையில் வற்றிவிடும். மற்றவற்றில், சுகாதார உறுதி இல்லாத நீர் என்று எழுதியிருக்கும். கிராமச் சதுக்கத்தின் குழாயில் நிரப்பிக்கொள்வதே பாதுகாப்பு. காலை 9 முதல் 11 வரை கிராமங்களில் கனத்த காலை உணவு உண்ணும் வழக்கம் இங்கே இருக்கிறது. தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டியும் ஒரு முட்டை ஆம்லெட்டும் அடுத்த மூன்று மணி நேரத்துக்குத் தாங்கும். மதிய உணவு 1 மணிக்கு முன் கிடைக்காது. பிற்பகல் மூன்றரைக்குப் பின் அடுப்பு அணைந்திருக்கும். சைவ உணவு கேட்பவர்கள் சூரை மீனையும் பன்றி இறைச்சித் துண்டையும் தனித்தனியே பெயர் சொல்லி மறுக்க வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று பொதுவாகச் சொன்னால் மீன் வந்து சேரும்.

திரும்பி வந்த பின்

2021 முதல் 2024 வரை கட்டலோனியாவைக் கடும் வறட்சி வாட்டியது. அதன் பிறகு குழாய்நீரைப் பீய்ச்சி வண்டியைக் கழுவும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். சௌலோ தூசு உலர்ந்தது. காய்ந்த தூரிகையாலேயே உதிர்ந்துவிடும். செயினைத் துணியால் துடைத்து, மிகக் குறைவாக எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்தெடுங்கள். எண்ணெய் மிகுந்தால் மணல் ஒட்டிப் பற்களை அரைக்கும். கடைசியாகப் பிரேக் பட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று நாள் மணல் இறக்கம் அவற்றைக் கணிசமாகத் தேய்த்திருக்கும்; அவற்றின் உராய்வுப் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால், மறுநாள் காலை கிளம்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.